‘கடல் தொழில்’ என்று எழுதிய ரிக்கெற்

அன்று காலை வாட்டுக்குள் நுழைந்தபோது அன்ரனின் இரண்டு கால்களும் அசைவில்லாமல் கிடந்தன. வங்காலை ஆள், முப்பத்துநாலு வயது. முதல் நாள் பின்னேரம் முதுகுவலி என்று வந்தவர். விடியும்போது கால் வரவில்லை, சலமும் போகவில்லை, குழாய் போட்டிருந்தோம். மனைவி மெற்றில்டா தலைமாட்டில் செபமாலையோடு நின்றார்.

நான் பொது மருத்துவ நிபுணன். மன்னார்த் தீவின் தாராபுரத்தில் பிறந்து, எங்கெங்கோ வேலை செய்து, கேட்டு வாங்கித்தான் ஊர்ப்பக்கம், மன்னார் ஆஸ்பத்திரிக்கு, மாற்றலாகி வந்தேன். இறுதி வருட மாணவர்கள் எட்டுப் பேர் அந்த மாதம் எங்களிடம் பழக வந்திருந்தார்கள். காலையில் நோயாளியிடம் நோய் வந்த கதையைக் கேட்டு ஹிஸ்ரரி எடுத்து, உடம்பைச் சோதித்து, றவுண்டில் எனக்கு முன்னால் ஒப்புவிக்க வேண்டும். பிழைவிட்டால் ஏச்சு நிச்சயம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை மறைத்து எழுதி என்ன பயன்?

அன்ரனின் ரிக்கெற்றில், அதாவது நோய்க்குறிப்புத் தாளில், தொழில் என்ற இடத்தில் ‘கடல் தொழில்’ என்று இருந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கடற்கரையில் பிறந்தவனுக்கு அதில் என்ன விளக்கம் வேண்டிக்கிடக்கிறது? படகு, வலை, அவ்வளவுதானே. கால் இரண்டும் சோர்ந்திருந்ததால் நரம்பு அழற்சி என்று முடிவு கட்டி, பின்னேரம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப ஒழுங்கு செய்துவிட்டேன்.

அந்தக் கட்டில் திவ்யாவின் பங்குக்கு வந்திருந்தது. மலையகத்தில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. மன்னாருக்கு வரும்வரை கடலில் கால் நனைத்ததே இல்லையாம். திருக்கை மீனைப் பார்த்து அவள் கேட்ட கேள்விகளைச் சொல்லிச் சொல்லியே மற்ற ஏழு பேரும் ஒரு கிழமை சிரித்தார்கள்.

றவுண்டில் அவள் முறை வந்தது. “சொல்லும் பிள்ளை, என்ன தொழில்?” என்றேன்.

“சேர், கொஞ்சம் வெளிய வாங்களேன். இங்க வச்சிச் சொல்ல ஏலாது.”

என்னை வாட்டுக்கு வெளியே கூப்பிட்ட முதல் மாணவி அவள்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “உமக்குப் பின்னால நான் நடக்கவேணுமோ? இஞ்சையே சொல்லும்!”

அவள் மெற்றில்டாவை ஒரு தடவை பார்த்துவிட்டு நேரே வெளி விறாந்தைக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன், ஏசுவதற்குத்தான்.

“மெற்றில்டா அக்கா தண்ணி எடுக்கப் போனப்ப, கடல் அடியில இருட்டா இருக்குமான்னு சும்மா கேட்டேன் சேர். ‘இல்லைத் தங்கச்சி, பதினைஞ்சு பாகத்திலையும் வெளிச்சம் இருக்கும்’ன்னு சொன்னாரு. வலை போடுறவருக்கு அது எப்படித் தெரியும்னு கேட்டேன். அழுதுட்டாரு சேர். அவரு கடலட்டை எடுக்கத் தண்ணிக்கடியில சுழியோடுறவரு. நேத்து நாலு காத்துச் சிலிண்டர் முடிச்சிருக்காரு. மேல வந்து அரை மணித்தியாலத்துல முதுகு வலிச்சிருக்கு. போன வருசம் கூட்டாளி ஒருத்தர் இதாலயே செத்ததும், இனி சுழியோட மாட்டேன்னு அக்காவுக்கு மாதா கோயில்ல சத்தியம் பண்ணிக் குடுத்தாராம்.”

பதினைந்து பாகம் என்றால் தொண்ணூறு அடி. அந்த ஆழத்தில் சுவாசிக்கும் காற்று இரத்தத்தில் கரைந்து நிற்கும். திரும்பத் திரும்ப இறங்கி, அவசரமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் குமிழி கிளம்பி முள்ளந்தண்டு நரம்பை அடைத்துவிடும்.

“தொப்புளுக்குக் கீழ ஊசி குத்தினாலும் தெரியல சேர்,” என்றாள்.

விடிய நான் அதைச் சோதிக்கவில்லை. ஓடிப்போய்ச் சோதித்தேன். அவள் சொன்னது சரி. என் பிழை முழுசாய் என் முகத்துக்கு முன்னால் நின்றது. வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கப்பட நேரம் இருக்கவில்லை. இனிப் போகும் ஒவ்வொரு மணித்தியாலமும் அன்ரனின் கால்களில் இருந்துதான் போகும்.

ஒக்சிசன், சேலைன், அம்புலன்ஸ் என்று கத்தினேன். யாழ்ப்பாணத்துப் பயணத்தை நிறுத்திவிட்டு, குமிழிகளை அழுத்திக் கரைக்கும் அமுக்க அறை இருக்கும் திருகோணமலைக்குப் போன் எடுத்தேன். அதற்குள் அன்ரனோடு சுழியோடும் இரண்டு பேர் வந்து மெற்றில்டாவைப் பிடித்துக்கொண்டார்கள். “அக்கா, ஆளைத் திரும்பத் தண்ணிக்குள்ள இறக்கவேணும். நாங்கள் அப்பிடித்தான் சுகப்படுத்திறனாங்கள்.”

“கால் வராத ஆளை இறக்கினால் சவத்தைத்தான் தூக்குவியள்!” என்றேன்.

மெற்றில்டா கணவன் பக்கம் திரும்பினார். “வலைக்குப் போறனெண்டெல்லே சொன்னனீங்கள்?”

அன்ரன் முகத்தை மூடிக்கொண்டார். “பொய் சொன்னனான். மன்னிச்சுக்கொள்ளும்.”

“மன்னிக்கிறதைப் பிறகு பாப்பம்,” என்ற மெற்றில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “ஏத்துங்கோ டொக்டர். நானும் வாறன்.”

மூன்றாம் நாள் மெற்றில்டாவின் போன் வந்தது. “டொக்டர், வலது பெருவிரல் அசையுது!” நான் அதை வாட்டின் நடுவில் நின்று உரக்கச் சொன்னேன். தாதி மிஸ்ஸிமார் கை தட்டினார்கள். அன்ரன் யாரென்றே தெரியாத நோயாளிகளும் தட்டினார்கள். திவ்யா மட்டும் மருந்து அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

மாணவர்களின் கடைசிக் கிழமையில் அன்ரன் வந்தார். ஊன்றுகோல் இல்லை, யாரும் பிடிக்கவும் இல்லை. “கேற்றடியில இருந்து நடந்துதான் வாறன் டொக்டர்,” என்றார். குதியையும் விரலையும் ஒட்டி ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். கொஞ்சம் தள்ளாடினாலும் வாட்டின் மறு அந்தம்வரை போய்த் திரும்பி வந்தார். இத்தனை வருடத்தில் என் வாட்டில் அதைவிடப் பெரிய வெற்றியை நான் கண்டதில்லை. அது என்னுடைய வெற்றியும் இல்லை.

இளம் டொக்டர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் ஊர் என்பதற்காக நோயாளியின் பதிலை நீங்களே நிரப்பிவிடாதீர்கள். நான் நிரப்பினேன். கடல் தெரியாத பிள்ளை கேட்டாள், ஒரு மனிதன் நடக்கிறான்.

அன்றைய வகுப்பை நான் எடுக்கவில்லை. அன்ரனைக் கட்டில் விளிம்பில் இருத்திவிட்டு, “இண்டைக்கு ஹிஸ்ரரி எப்பிடி எடுக்கிறதெண்டு திவ்யா படிப்பிப்பா. நானும் மாணவன்தான்,” என்றேன்.

திவ்யா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த கதிரையை இழுத்து வந்து அன்ரனுக்குக் கிட்டப் போட்டாள்.

“மொதல்ல ஒக்காருங்க சேர். நீங்க எப்பவும் நின்னுக்கிட்டேதான் கேக்குறீங்க.”

கதிரையில் இருந்தேன்.