‘அம்மையை ஒழிப்போம்’ என்று மைக்கில் சொன்ன நாள்

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், அறுபதுகளில், செஞ்சியில் எனக்குத் தற்காலிக வேலை. பெரியம்மைத் தடுப்புக்கு விளம்பரம் செய்கிற ஆள். உங்கள் அம்மா அப்போது தாய்வீட்டில் இருந்தாள். நான் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். பகலெல்லாம் ஊர் கேட்கப் பேசுவேன். அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது.

ஒரே செய்தியை நான்கு விதமாகச் சொல்ல வேண்டும். சுவரில் எழுத்து, பிட் நோட்டீஸ், டூரிங் டாக்கீஸில் இடைவேளை ஸ்லைடு, ஜீப்பில் மைக். நான்குக்கும் அதிகாரி தந்தது ஒரே வாசகம்: ‘அம்மையை ஒழிப்போம்.’

“ஒரு எழுத்து மாத்தக் கூடாதுய்யா. மாத்தினா நாளைக்கு வேலைக்கு வராதே” என்றார்.

சுவரில் எழுதியபோது வம்பில்லை. படிக்கத் தெரிந்த சிலர் பார்த்துவிட்டுப் போனார்கள். அனந்தபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் அதையே மைக்கில் சொன்னேன். கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. ஒரு பெண் மட்டும் வாசலில் நின்று கத்தினாள்.

“ஆத்தாளையா ஒழிக்கப் போற? இன்னா திமிரு! மொதல்ல உங்க ஆத்தாள ஒழி, போ!”

அப்போதுதான் உறைத்தது. ஆபீசில் அம்மை என்றால் நோய். அந்த ஊரில் அது மாரியாத்தாள். சாமியை ஒழிக்கச் சொல்லி ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

பக்கத்து ஊரில் இரண்டு குழந்தைகளுக்கு ஏற்கெனவே அம்மை கண்டிருந்தது. ஜீப்பில் என்னோடு அம்மை குத்த வந்தவர், “இன்னிக்கு ஒரு கையும் சிக்காது சார், கெளம்பலாம்” என்றார். எனக்குக் கிளம்ப மனம் வரவில்லை. மைக்கை அணைத்துவிட்டு அவள் வாசலுக்கு நடந்தேன்.

“நான் சொன்னது தப்பும்மா. ஆனா புள்ளைக்குக் குத்திக்கம்மா.”

“உனக்குப் புள்ள குட்டி இருக்குதா?”

“ஒண்ணு இருந்துச்சு. மூணு வயசு. ஆத்தா எடுத்துக்கிட்டா.”

“நீ குத்தலியா?”

“பயந்துட்டோம்மா.”

அவள் உள்ளே போய் மகளைத் தூக்கி வந்தாள். “மெதுவா குத்தச் சொல்லுய்யா.” அதைப் பார்த்து மற்ற கதவுகளும் திறந்தன. அந்த ஊரில் நான் மறுபடி மைக்கைத் தொடவில்லை.

கேட்கிறவர் வாயில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். அன்று நான் கற்றது அதுதான்.

சாயங்காலம் உங்கள் அம்மாவுக்குக் கார்டு எழுத உட்கார்ந்தேன். யாரோ ஒருத்தியிடம் சொன்னதை அவளுக்கு எழுதக் கை வரவில்லை. ‘நலம்’ என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டேன்.

உங்களுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் செல்வி.