பாலத்தின் நடுவில் கேட்ட குரல்

அன்பானவர்களே, என் மகள் எஸ்தருக்கு ஐந்து வயது நடந்தபோது அவளுடைய பேச்சு நின்றுபோனது. 1958, ஐப்பசி மழைக்காலம். டைபாய்டு காய்ச்சலில் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தாள். உயிரைக் கேட்டு அழுதோம்; கர்த்தர் உயிரைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் எழுந்து உட்கார்ந்தவள் வாய் திறக்கவில்லை. அம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை.

திருச்சி கோட்டைப் பக்கத்து டாக்டர், "காது நல்லா கேக்குதும்மா. பேச்சும் வரும். எப்பன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

அதைத் தவிர எனக்குக் கேட்க வேறென்ன இருந்தது? நான் பிறவியிலேயே அவசரக்காரி. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று என் மாமியார் கேலி செய்வார். "கிறிஸ்துமசுக்குள் பேச வையும்" என்று ஜெபித்தேன். அது கடந்ததும் "ஈஸ்டருக்குள்" என்றேன். ஆண்டவருக்கே கெடு வைத்தேன். பிள்ளையையாவது சும்மா விட்டேனா? "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று தாடையைப் பிடித்துக் கெஞ்சுவேன். அவள் பயந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். இனி இந்தக் குரலைக் கேட்கவே மாட்டேனோ என்று அடுப்படியில் நின்று அழுவேன்.

அப்போது ஸ்ரீரங்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்கு ஸ்டேஷனில் வேலை. குடும்ப ஜெபத்தில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் இளையவர் ஆமென் சொன்னால்தான் ஜெபம் முடியும். எஸ்தருக்குப் பேச்சு நின்ற பிறகு, அந்த ஆமெனை நானே சட்டென்று சொல்லி எழுந்துவிடுவேன். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் என் கணவர் என் கையைப் பிடித்தார்.

"அது பாப்பாவோட ஆமென். நீ எதுக்கு எடுத்துக்கறே? அவளா எழுந்து போறவரைக்கும் இருப்போம்."

இருந்தோம். முதலில் எனக்கு அடுப்பில் வைத்த சோறுதான் மனதில் ஓடியது. போகப்போக அது அடங்கியது. விளக்கொளி சுவரில் ஆடும். வாழைத் தோப்பின் ஈர வாசனையோடு ஆற்றுக் காற்று வரும். பக்கத்து வீட்டு மாமி பாசுரம் முணுமுணுப்பது கேட்கும். தூரத்தில் கொள்ளிடம் பாலத்தில் ரயில் போகும் சத்தம் கனவில் கேட்பதுபோல இருக்கும். எஸ்தர் என் மடியில் சாய்ந்து வளையல்களை உருட்டிக்கொண்டிருப்பாள். கேட்பதற்கு என்னிடம் வார்த்தை தீர்ந்துபோயிற்று. அப்போதுதான், நாங்கள் மூவரும் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை என்று உணர்ந்தேன். விழித்திருக்கிறேனா, உறங்குகிறேனா என்று தெரியாத ஒரு அமைதி. ஈஸ்டர் வந்தது, போனது. அவள் பேசவில்லை. நானும் ஆண்டவரோடு சண்டை போடவில்லை.

ஆடி மாதம் டாக்டரிடம் மறுபடி காட்டக் கிளம்பினேன். அன்று ஆடிப்பெருக்கு என்பதை மறந்தே போனேன். காவிரிப் பாலத்தில் கூட்டம் நெரிந்து பஸ் நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். டாக்டர் போய்விடுவாரே என்று பழைய அவசரம் தலைதூக்கியது. பிள்ளையை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் முண்டியடித்தேன். பாலத்தின் நடுவில் அவள் கையைப் பின்னால் இழுத்தாள்.

"மெதுவாம்மா. ஆத்தப் பாக்கணும்."

'இன்னொரு தடவை சொல்லு' என்று தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றேன். கீழே நுங்கும் நுரையுமாகக் காவிரி. பூவும் மாலையும் மிதந்து போயின. நேரம் போனதே தெரியவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

"இவ்ளோ தண்ணி எங்கம்மா போகுது?" என்று அவளே கேட்டாள்.

"கடலுக்குடா கண்ணு" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. டாக்டர் வீட்டுக்குப் போயிருப்பார். போகட்டும் என்று நின்றேன்.

இன்று எஸ்தர் ஹைஸ்கூலில் படிக்கிறாள். வாய் ஓயாது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காது வலிக்கலாம். எனக்கு அதட்ட மனம் வருவதில்லை. பஸ் தாமதமானால் நான் இன்னும் முணுமுணுக்கிறவள்தான். ஆனால் ஆண்டவருக்குக் கெடு வைப்பதை விட்டுவிட்டேன். அவருக்கே ஸ்தோத்திரம்.

'எப்போது, எப்போது' என்று கேட்டுக் களைத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஒரு சாயங்காலம் ஒன்றும் கேட்காமல் அவர் முன் உட்கார்ந்து பாருங்கள். எனக்குப் பதில் பாலத்தில்தான் வந்தது. அதற்கு எத்தனையோ மாதம் முன்பே அவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.