அண்ணனின் பாலமும் என் இயந்திரமும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். நாள்தோறும் குறிப்பு எழுதுகிறவள் என்பதால் வரிசை மாறாமல் எழுதுவேன் என்று நினைத்திருக்கலாம். தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஓர் ஓடை குறுக்கிடுகிறது. அதில் தண்ணீர் வந்துவிட்டால் வடியும்வரை எந்த வண்டியும் இறங்காது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி கிடையாது. அண்ணன் திருப்பதியில் சிவில் இன்ஜினியரிங் படித்ததற்கு அந்த ஓடைதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியன்று. அவருக்குக் கிடைத்த இடம் அது. ஓடையைப் பற்றிய எண்ணம் பிறகுதான் வந்தது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் படிப்பை முடிக்கும் முன்பே நைனா, எங்கள் அப்பா, காலமானார். விடுமுறைகளில் ஏர் ஓட்டி, மற்ற நாட்களில் கல்லூரிக்குப் போய், என்னையும் படிக்க வைத்தார். நான் மெக்கானிக்கல் எடுக்க விரும்பியபோது பெரியப்பா, “பொட்டப்புள்ள ஸ்பானர் புடிக்கறதுக்கா இவ்ளோ படிப்பு?” என்றார்.

“புடிக்கட்டும் பெரியப்பா. ஒங்க மோட்டாரு நின்னுபோனா நீங்கதான் மொதல்ல ஓடியாருவீங்க” என்றார் அண்ணன். அப்படியே நடந்தது.

கிராமச் சாலைத் துறையில் பொறியாளராகச் சேர்ந்து சில ஆண்டுகளுக்குப் பின், எங்கள் ஓடைக்குப் பாலம் கட்டும் பொறுப்பு அண்ணனுக்கே வந்தது. போட்ட கான்கிரீட் காயாமல் இருக்க அதன்மேல் சாக்குகளைப் பரப்பி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். அந்த வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. அது அவருடைய திருமண வாரம். “நகரிக்கு சினிமாக்குப் போலாம்னு பட்டுப்பொடவ கட்டச் சொன்னாரு. நேரா ஓடைக்குக் கூட்டிகினு போயி கையில கொடத்த குடுத்துட்டாரு. இன்னா படம்னு கேட்டேன், இதான்னாரு” என்று அண்ணி இன்றும் சொல்வார். அதைச் சொல்லும்போது முன்பெல்லாம் சிரிப்பார்.

நான் சித்தூர் அருகே ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சிவில் பெரிதா, மெக்கானிக்கல் பெரிதா, மக்களுக்கு எது அதிகம் உதவுகிறது என்பது எங்கள் இருவருக்கும் ஓயாத வழக்கு. பண்டிகைக்குப் பண்டிகை சாப்பிட உட்கார்ந்ததும் தொடங்கிவிடும்.

“நீ கட்டிட்டு மாத்தலாகிப் போயிடுவ அண்ணா. அப்புறம் யாரு பாக்கறது? நான் தெனமும் எதிர்ல நின்னு பாக்கறேன்” என்பேன்.

“ஒன் மெஷினு ஒரு நாளு நின்னா ஊரே கத்துது, அதனால ஒனக்குப் பேரு. என் பாலத்துமேல போறவனுக்குப் பாலம் இருக்குதுன்னே தெரியக் கூடாது. தெரிஞ்சா எங்கியோ குலுங்குதுன்னு அர்த்தம்” என்பார் அவர். அண்ணி நடுவில், “ரெண்டு பேரும் துன்னுட்டு சண்ட போடுங்க” என்பார். வழக்கு ஒருமுறையும் முடிந்ததில்லை.

சென்ற ஆண்டு மாம்பழ அறுவடைக் காலத்தில் அண்ணனுக்கு நுரையீரலில் தொற்று ஏற்பட்டுத் திருப்பதியில் மருத்துவமனையில் சேர்த்தோம். ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் அங்கே தங்கினேன். ஒரு நாள் காலை மருத்துவர் எங்களைத் தனியே அழைத்து, எந்த நேரத்திலும் நிலைமை மாறலாம் என்றார். நாங்கள் அண்ணனின் கட்டிலருகே திரும்பிய சற்று நேரத்தில் ஆலையின் மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்தார்.

“மேடம், கூழ் தள்ற பம்ப் ஜாம் ஆயிப்போச்சி. கேட்லருந்து மெயின் ரோடு வரைக்கும் ட்ராக்டருங்க நிக்குது. பழம் ஒழுகுது. எல்லாரும் கத்திகினு இருக்காங்க.”

வரமுடியாது என்றேன். அண்ணன் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“நம்ம பக்கத்து வண்டியும் இருக்கும். போம்மா.”

“டாக்டர் இருக்கச் சொன்னாரு அண்ணா.”

“நீ ஒக்காந்துகினு இன்னா பண்ணப் போற? மூச்சு வுடறது நானு. நீ போயி ஓட்டிட்டு வந்து, ஓடுதா இல்லியான்னு சொல்லு.” பிறகு அண்ணியைப் பார்த்து, “இவளுக்கு மெக்கானிக்கல் வாங்கிக் குடுத்தது நான்தான், தப்பு என்னுது” என்றார். சிரிக்கப் போய் இருமல் வந்தது. அண்ணி என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். அண்ணன் பேசிக் கேட்டது அதுதான் கடைசி.

பம்பின் பேரிங் நொறுங்கித் தண்டைக் கடித்திருந்தது. தண்டோடு மாற்றினோம். மாலையில் கூழ் ஓடத் தொடங்கியது. முதல் ட்ராக்டர் உள்ளே நுழைந்ததைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டேன்.

நான் திரும்பியபோது அவருக்குச் செயற்கை சுவாசம் கொடுத்திருந்தார்கள். காதருகில் குனிந்து, “ஓடுது அண்ணா” என்றேன். மயக்க மருந்து கொடுத்திருப்பதாகச் செவிலியர் சொன்னார். அவருக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கும் என்று பலரும் ஆறுதல் சொன்னார்கள். அவர்களுக்கும் தெரியாது.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த இயந்திரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசையில் மாற்றமில்லை, அழுத்தம் சீராக இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. மறுநாள் நண்பகலில் அண்ணனின் உயிர் பிரிந்தது. மருத்துவர் நிறுத்தும்வரை இயந்திரம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை சரியாக வரவில்லை.

அந்த நாட்களில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுக்க வந்து வராந்தாவில் காத்திருந்த அண்ணனின் அலுவலக நண்பர்களுக்கும், நாங்கள் ஊர் வந்து சேரும் முன்பே பந்தல் போட்டுத் தண்ணீர்க் குடங்களை நிரப்பி வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கும், யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியாமல் ஆலையிலிருந்து நேராக இறுதிச் சடங்குக்கு வந்து நின்ற ட்ராக்டர்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆம்புலன்ஸ் ஓட்டி வந்த தம்பிக்கும் நன்றி. அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தவறிவிட்டேன்.

அண்ணனை ஊருக்குக் கொண்டுவந்த அன்று மேற்கே மழை. புத்தூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, ஊருக்கு முன்னால் ஓடையில் தண்ணீர் போகிறது என்று யாரோ ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறார்கள். தார்ச்சாலையை விட்டு ஊர்ச்சாலையில் திரும்பியதிலிருந்து அவர் கவனமாகவே ஓட்டினார். அண்ணி அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, வழியில ஓட ஒண்ணு இருக்குதாமே” என்றார் ஓட்டுநர். “வந்தா சொல்லுங்கம்மா. அய்யாவுக்குக் குலுங்காம மெல்லமா எறக்கறேன்.”

“அத தாண்டி வந்துட்டோம்பா” என்றார் அண்ணி.