ஆற்றங்கரையில் எடுத்த படம்

படம் எடுப்பது இளவயதில் விட்ட பழக்கம். ரிட்டயர் ஆனதும் கேமரா ஒன்று வாங்கி, மைசூரிலிருந்து பஸ் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன்.

காவிரியில் ஒரு குடும்பம் அஸ்தி கரைத்துக்கொண்டிருந்தது. கரையில் நின்று அழுத ஒரு அம்மாவின் முகத்தில் காலை வெயில் விழுந்தது. கேட்காமல் படம் எடுத்தேன்.

அவர் திரும்பினார். என்னோடு இருபது வருஷம் பட்டறையில் வேலை செய்தவரின் மனைவி. அவர் கணவர் இறந்ததே எனக்குத் தெரியாது.

"வந்துட்டீங்களாண்ணா! யாருக்குமே சொல்ல முடியல. எப்படித் தெரிஞ்சுது?"

கேமராவைப் பைக்குள் தள்ளினேன். "கேள்விப்பட்டேன்மா" என்றேன்.

பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். "அப்பாகூட வேலை செஞ்சவங்க ஒருத்தரும் வரலேன்னியே, நோடு, பாரு, இவரு வந்திருக்காரு."

காபி வாங்கிக் கொடுத்தார்கள். தலை குனிந்து குடித்தேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. இன்னும் அழிக்கவில்லை.