பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?

காலையில் பல் தேய்க்கும் முன்பே போனை எடுத்து, என் ஆல்பத்தை யாராவது கேட்டார்களா என்று பார்த்தேன். சொந்தக்காரர்கள் மட்டும்தான்.

எல்லாம் நான் பாடிய காதல் பாட்டுகள். தாத்தாவும் அப்பாவும் ஹோட்டல்களில் வாசித்த அதே ஜாஸ். சாக்ஸபோன் அப்பாதான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏறிய ஷேர் ஆட்டோவில், டிரைவரிடம் கெஞ்சி ஆல்பத்தைப் போடவைத்தேன்.

"இன்னாக்கா, ஊதிக்கினே கீறாரு. பாட்டு எப்ப ஸ்டார்ட் ஆவும்?"

"ஊதுறது எங்கப்பா, அண்ணா."

"அய்யோ, அப்பாவா? சூப்பரா கீதுக்கா!"

சத்தத்தைக் கூட்டிவிட்டு, கண்ணாடியில் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

பதிவு முடிந்த பிறகு மூச்சுப் பிடித்து ஊத முடியாமல் போன அப்பா, நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்: "யாராச்சும் கேட்டாங்களாம்மா?"

"ஆட்டோலகூட ஓடுதுப்பா."

இனி நான் பாடப்போவதில்லை. வீட்டில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஃபேஸ்புக் கிடையாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அவரைப் பார்க்க வருகிறவர்கள், நீங்களும் ஒரு ஆட்டோவில் கேட்டதாகவே சொல்லுங்கள்.