வளைவில் இறங்குகிற ஊர்

ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டையைத் தாண்டி மேலே இருக்கும் எங்கள் ஊரில் நாற்பது வீடுகூடக் கிடையாது. இத்தனை பேருக்காக ஒரு பஸ்ஸா என்று கேட்டே அதிகாரிகள் பல வருஷம் ஓட்டிவிட்டார்கள். கடைசியில் ஒரு வாரம் விட்டுப் பார்க்கிறோம், ஏறுவதற்கு ஆள் இருந்தால் தொடரும் என்றார்கள்.

அந்த வாரம்தான் அம்மாவை அழைத்துப்போக சேலத்திலிருந்து வந்திருந்தேன். அவளுக்கு வலது முட்டி போய்விட்டது. மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. அவளோ, "பஸ்சு நின்னு போச்சுன்னா உன்கூட வர்றேன். ஓடுச்சுன்னா நான் எதுக்கு என் ஊட்ட உட்டுட்டு வரோணும்?" என்று ஒரே பிடியாக நின்றாள். வெளியே சொல்லவில்லையே தவிர, பஸ் வராமலே போகட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அம்மா என்னோடு இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு.

எங்கள் ஊருக்குக் கீழே செங்குத்தாக ஒரு வளைவு. ஆளும் மூட்டையுமாக வரும் ஷேர் ஜீப் அதில் திணறும். அதனால் வளைவு வந்ததும் எல்லோரும் இறங்கி நடப்போம், மேலே போய் ஏறிக்கொள்வோம். யாரும் சொல்ல வேண்டியதில்லை, தவழும் பிள்ளையைக்கூட இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பஸ்ஸிலும் அதையேதான் செய்தார்கள். முதல் நாள் கண்டக்டர், "ஏனுங்க, டிக்கெட் ஊர் வரைக்குமுங்க!" என்று கத்திப் பார்த்தார். மூன்றாம் நாள் அவரும் கூடவே இறங்கி நடந்தார்.

கடைசி நாள் ஏற்காட்டுச் சந்தை முடிந்து நானும் அம்மாவும் பஸ்ஸில் வந்தோம். நிற்க இடமில்லை. வளைவு வந்தது, எல்லோரும் எழுந்தார்கள்.

"நீ உட்காரும்மா!" என்றேன்.

"ஊரே எறங்குது, நா மட்டும் மகாராணியாட்டம் உக்காந்துட்டு வர்றதா?"

திட்டிக்கொண்டே நானும் இறங்கினேன். பட்டணத்துக்குப் போய் இத்தனை வருஷமாகியும் என் காலும் அந்த இடத்தில் படியைத்தான் தேடியது.

பஸ் எங்களை விட்டு மேலே போனது. அங்கே ஸ்டாப்பில், எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க ஓர் அதிகாரி நோட்டோடு காத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. அவர் முன்னால் போய் நின்ற பஸ்ஸில் டிரைவர் மட்டும்தான் இருந்தார்.

நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி நோட்டை மூடியிருந்தார். கண்டக்டர் டிக்கெட்டைக் காட்டி விஷயத்தை விளக்கினார். அதிகாரி எங்களை ஒரு பார்வை பார்த்தார். "இந்த மேட்டையே நடந்து ஏறுறவங்களுக்கு பஸ் எதுக்குங்க?" என்றார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அம்மா முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. என் தோளைப் பிடித்து, காலை இழுத்து இழுத்து, எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்திருந்தாள். என் தோளை விட்டுவிட்டு நேராக அவர் எதிரில் போய் நின்றாள்.

"நடக்க முடிஞ்சு எறங்கலீங்க சாமி. வண்டிக்கு நோவுமேன்னு எறங்குனோம். அது நல்லா இருந்தாத்தானுங்களே நாளைக்கும் வரும்?"

அவர் அம்மாவின் முட்டியைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, கூட்டத்தை ஒவ்வொருவராக எண்ணி எழுதினார்.

"அம்மா, வண்டி தாங்குமுங்க. நாளையிலிருந்து எறங்காம உக்காந்தே வாங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"கேட்டியா கண்ணு? நாளைக்கும் வருதாம். நீ வெள்ளனே அதுலயே கெளம்பிப் போ. ஊட்ல புள்ளைங்க தேடும்."