பரங்கிப் பிஞ்சும் ஆள்காட்டி விரலும்

என் மனைவி செடி வைப்பாள். காயைத் தின்பது வேறு யாரோ. வாடகை வீட்டில் இருப்பவர்களின் தலையெழுத்து அப்படி. நெல்லிக்குப்பத்தில் அவரைக்கொடி பூவெடுத்த வாரத்தில் வீட்டைக் காலி செய்தோம். கடலூரில் கத்தரி பிஞ்சு விட்டபோது எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. "நான் வச்சதுல ஒரு காயாவது நான் தின்னணும்" என்று சாமான் ஏற்றிய வண்டியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கத்தரிக்காய்க்கெல்லாம் யாராவது அழுவார்களா?

சிதம்பரத்து வீட்டின் கொல்லையில் பரங்கி விதை ஊன்றினாள். ஊன்றியதைவிட அதற்கான சட்டதிட்டங்கள்தான் என்னைப் படுத்தின. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் விதை போட வேண்டும். மீன் கழுவிய தண்ணீர் வேருக்குப் போக வேண்டும். கண்ணேறு படாமலிருக்கப் பழைய செருப்பு தொங்க வேண்டும். தொங்கியது என்னுடைய செருப்பு, அது அவ்வளவு பழையதும் அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பிஞ்சை நோக்கி விரல் நீட்டக் கூடாது, நீட்டினால் அழுகிவிடும். காட்டியே தீர வேண்டுமென்றால் விரலை மடக்கிக் காட்ட வேண்டும். மறந்து நீட்டியவர் அந்த விரலைக் கடித்துக்கொண்டால் தோஷம் தீரும். இதையெல்லாம் நான் நம்பவில்லை. ஆனாலும் அந்த மாதம் பலமுறை என் விரலைக் கடித்துக்கொண்டேன், வீட்டில் நிம்மதி வேண்டுமே.

பூவெல்லாம் உதிர்ந்து ஒரே ஒரு பிஞ்சு தங்கியது. அது தேங்காய் அளவுக்கு வந்தபோது, வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். வாங்குகிறவர் குறிஞ்சிப்பாடிக்காரர், கிரயம் முடிந்த கையோடு குடிவர வேண்டுமாம். வீடு கைமாறினால் பரங்கியும் கைமாறும். மனைவி அன்று என்னோடு பேசவே இல்லை, ஏதோ நான்தான் வீட்டை விற்பதுபோல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரரும் வாங்குகிறவரும் வந்தார்கள். கொல்லைக்குப் போகுமுன் மனைவி வீட்டுக்காரரை மறித்தாள்.

"மாமா, பிஞ்சு விட்டிருக்கு. வெரல மடக்கிக் காட்டுங்க."

"அது எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் அவர், சற்று மனம் புண்பட்டு.

கொடி கொல்லை முழுக்கப் படர்ந்திருந்ததால், எந்தப் பக்கம் கை நீட்டினாலும் பிஞ்சு குறுக்கே வரும். ஆகவே வடக்கு எல்லையை மோவாயால் காட்டினார். கிழக்கு மதிலை முழங்கையால் இடித்துக் காட்டினார். மேற்கே முஷ்டியை மடக்கி ஆட்டினார்; பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாங்க வந்தவருக்கு முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. எல்லைய ஏன் கைநீட்டிக் காட்ட மாட்டேங்கறாரு? கேஸு கீஸு நடக்குதா? வில்லங்கம் ஜாஸ்தியா?"

"அதெல்லாம் இல்லீங்க. பரங்கிப் பிஞ்சு இருக்கு, அதான்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளிலேயே பொய் போல ஒலித்தது அதுதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தப் பிஞ்சு, இதுவா?" என்று ஆள்காட்டி விரலை முழுசாக நீட்டினார்.

மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் கொடியைத் தாண்டி ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வெரலக் கடிங்க."

"என்னது?"

"நீட்டுன வெரலக் கடிங்க மொதல்ல. அப்புறம் வெல பேசலாம்."

அந்த மனிதர் எங்கள் மூவர் முகத்தையும் பார்த்தார். பிறகு, பைத்தியங்களோடு வாதாட வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, விரலை வாயில் வைத்து மெதுவாகக் கடித்தார். அப்படியே வாசலுக்கு நடந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்காரர் அவர் போன திசையைப் பார்க்கவே இல்லை. குனிந்து பிஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஒண்ணும் ஆவாதும்மா, கடிச்சுட்டாரு" என்றார். "இது முத்தற வரைக்கும் யாரையும் கூட்டியார மாட்டேன்." எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

காய் முற்றியது. அறுக்கும் அன்று அவரும் வந்து நின்றார். "மொதக் காய, வெத வச்ச கை தின்னக் கூடாதும்மா, தெரியுமில்ல?" என்றார். மனைவிக்குத் தெரியும். அவளே அதைத் தூக்கி அவர் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினாள். எனக்குத்தான் ஆத்திரம் தாளவில்லை. கொடியோ காய்ந்துகொண்டிருந்தது, இனி ஒரு காய் வரப்போவதில்லை.

மத்தியானம் அவர் ஒரு தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தார். உள்ளே பரங்கிக்காய்க் கூட்டு.

"இப்ப இது எங்க வூட்டுக் காயி. நீ தின்னலாம்" என்றார்.

மனைவி சட்டியை வாங்கி அடுப்படியில் நின்றபடியே கையால் அள்ளித் தின்றாள். "உப்பே இல்ல" என்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சட்டியை வழித்து முடிக்கும்வரை நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒரு வாய்கூடத் தரவில்லை.